மணி அடிக்காத அடக்கம்

வெஸ்ட்ரியில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆராதனைக்கு முன் போதகர் அங்கி மாற்றிக்கொள்ளும் சின்ன அறை அது. சபைக் கமிட்டி கூடுவதும் அங்கேதான். மதியம் பன்னிரண்டரை இருக்கும். கத்திரி வெயில். கரண்ட் போயிருந்தது. எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைப் போட்டுவைக்கும் தகர டப்பா மூலையில் இருந்தது. வெயிலின் சூட்டில் அதிலிருந்து இளகிய மெழுகின் வாசனை வந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில், சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். லில்லியின் அண்ணன். அவர் கேட்க வந்தது இரண்டே கேள்விகள். தங்கையின் கணவரை ஆலயத்துக்குள் கொண்டுவரலாமா? சபைக் கல்லறையில் இடம் கிடைக்குமா?

தங்கையின் கணவர் பெயர் ஜெயசீலன். எங்கள் பாடகர் குழுவில் பதினைந்து வருடம் பாடியவர். வயது முப்பத்தெட்டு. முந்தின நாள் காலையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் போதகர் மென்மையானவர். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மற்ற இரண்டு கமிட்டி உறுப்பினர்களையும் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாமுவேல், நீங்க சொல்லுங்க. வேதத்துலயும் சரி, சபைச் சட்டத்துலயும் சரி, நம்மள்ல நீங்கதான் படிச்சவரு. எனக்கு மனசு ஒரு பக்கமா இழுக்குது."

எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"முறைமையில தெளிவா இருக்குங்க ஐயா," என்றேன். "தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டவங்களுக்கு அடக்க ஆராதனை கிடையாது. கல்லறையில இடமும் கிடையாது. இன்னைக்கு ஒருத்தருக்காக மாத்திட்டா, நாளைக்கு மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் குரல் தடுமாறவும் இல்லை.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவருகிறவர்களுக்கு என்மேல் ஒரு நல்ல அபிப்பிராயம் வந்திருக்கிறது. கடிதங்களில் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் அதற்குக் காரணம் நான்தான். இதுவரை எழுதிய அத்தியாயங்களில் எல்லாம் நான் நல்லவனாகவே வந்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஓர் அம்மா எழுதியிருந்தார். "உங்களைப் போல வேத அறிவிலும் ஞானத்திலும் வளர நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி. அந்தக் கடிதத்தை நான்கு நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் லில்லியைப் பார்க்கப் போனேன். "எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன். "பேரை மட்டும் மாத்திடுங்க," என்றாள். மாற்றியிருக்கிறேன்.

மூன்று கட்டங்கள்

நான் படித்தவன் ஆன கதை சின்னது. அரசாங்க அலுவலகத்தில் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பாலம், மதகு, கட்டடம் இவற்றுக்கு மையால் படம் வரைய வேண்டும். தாம்பரத்தில் வண்டி புறப்படும் முன்பே ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து பூங்கா ஸ்டேஷன் வரை முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு வேதம்தான்.

தபால் வழியில் மூன்று வருடம் வேத சாஸ்திரம் படித்தேன். கட்டளைக்குச் சிவப்பு, வாக்குத்தத்தத்துக்கு நீலம், எச்சரிப்புக்குப் பச்சை என்று பென்சிலால் கோடு போடுவேன். கோடு விழாத பக்கம் என் வேதாகமத்தில் குறைவு. ஆடுகிற ரயிலில்கூட என் கோடு வளையாது.

எங்கள் ஆலயம் சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு நான் வேதபாட வகுப்பு எடுப்பேன். முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் ஆசிரியர்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். ஒருநாள் அறிவு, புத்தி, ஞானம் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு விளக்கினேன். தெரிந்துகொள்வது அறிவு. தெரிந்ததைப் புரிந்துகொள்வது புத்தி. புரிந்தபடி நடப்பது ஞானம். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஸ்கேல் வைக்காமலே கட்டங்கள் இவ்வளவு நேராக வந்திருக்கின்றனவே என்று ஒருவர் பாராட்டினார். அந்தப் பாராட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஜெயசீலன் கையைத் தூக்கினார். "அண்ணா, நேரா மூணாவது கட்டத்துக்குப் போக முடியாதா? மொத ரெண்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பேஸ் குரல்

ஜெயசீலன் தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. ஆறடி உயரம். எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ் நகக்கண்களில் இருக்கும். பாடகர் குழுவில் பேஸ் பாடுவார். அவர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது, முன்னால் இருக்கும் பெஞ்சில் கை வைத்திருந்தால் லேசான அதிர்வு தெரியும்.

வேதத்திலிருந்து ஒரு வசனத்தைத் தப்பில்லாமல் சொல்ல அவரால் முடியாது. யார் சொன்னது, எந்த அதிகாரம் என்று எல்லாவற்றையும் குழப்பிவிடுவார். ஆனால் சாவு வீடு என்றால் முதல் ஆள் அவர்தான். ஐஸ் சொல்ல ஓடுவார். நாற்காலி இறக்குவார். பெட்டியில் தோள் கொடுப்பார். பிறகு கல்லறையில் நின்று பாடுவார். எங்கள் சபை ஆளா, வேற்று ஆளா என்றெல்லாம் பார்க்கமாட்டார். அவர் தெருவில் இருந்த ஒரு நாயுடு வீட்டுத் தாத்தா இறந்தபோது ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் அங்கேயே நின்றார். "பாட்டுதான் பாட முடியல அண்ணா, மத்ததெல்லாம் பண்ணிட்டேன்," என்று என்னிடம் சொன்னார்.

அந்த மனிதர் ஒரு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். காரணம் ஒன்றும் இல்லை. வேலை இருந்தது. மனைவி லில்லி நல்லவள். ஒன்பது வயதில் பியூலா என்று ஒரு மகள். எங்கள் பக்கத்தில் இந்த நிலைமைக்கு அப்போது பெயர் கிடையாது. மனசு சரியில்லை என்போம். ஜெபம் குறைந்துவிட்டது என்போம். இரண்டாவதை நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி தங்கம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணா, பாட முடியல," என்றார்.

"தொண்டை கட்டியிருக்கா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. புஸ்தகத்தைத் தொறந்தா, யாருக்கோ எழுதினதை நான் படிக்கிற மாதிரி இருக்கு. காலைல எழுந்து பல்லு வெளக்கறதே பெரிய வேலையா இருக்குண்ணா. பாப்பா பக்கத்துல நின்னு பேசுது, எங்கேயோ தூரத்துலேருந்து கேக்குது."

என்னிடம் மருந்து இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு நல்ல தாள் எடுத்துவந்தேன். பயத்துக்கும் துக்கத்துக்குமான வசனங்கள் பன்னிரண்டை எண் போட்டு, டிராயிங்கில் தலைப்பு எழுதுவதைப் போல அழகாக எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அவர் எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் தலைநிமிரவில்லை.

"தினம் ஒண்ணு படிங்க. பன்னெண்டு நாள். அப்புறம் வந்து சொல்லுங்க."

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குண்ணா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

டம்ளரை எடுக்க வந்த தங்கம், "அந்த அண்ணன் காபி குடிக்கவே இல்லை, பார்த்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. காபியின்மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது.

பன்னிரண்டு நாள் போனது. அவர் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஏழாவது வாரத்தில்தான் அந்த மதியம்.

மரத்தடியில்

நான் முறைமையைச் சொல்லி முடித்ததும் போதகர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "அப்ப நீங்களே போய்ச் சொல்லிடுறீங்களா சாமுவேல்?" என்றார். அவருக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எனக்கு இருந்தது.

மரத்தடிக்குப் போனேன். ஆராதனைப் புத்தகத்தில் அடக்க முறைமைக்கு மேலே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைப் பற்றி விளக்கினேன். லில்லியின் அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிங்க. உள்ள கொண்டுவர வேணாம். வாசல்ல நிறுத்தி ஒரு சின்ன ஜெபம் பண்ண முடியுமா?"

"அதுக்கும் முறை இல்லீங்க."

"மணியாவது அடிப்பீங்களா? தங்கச்சி அதைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னா. பாப்பா எதிர்பார்க்கும்னா."

எங்கள் சபையில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்போம். வயதுக்கு ஓர் அடி. ஒவ்வோர் அடிக்கும் நடுவே நன்றாக இடைவெளி விட வேண்டும். சுற்றியுள்ள தெருக்களில் வேலையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். அறுபதைத் தாண்டினால் ஒரு மாதிரி பெருமூச்சு, இருபதில் நின்றுவிட்டால் வேறு மாதிரி. ஜெயசீலன் வீடு ஆலயத்திலிருந்து இரண்டாவது தெரு.

மணி அடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றை மறுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால் ஜனங்கள் குழம்புவார்கள் என்று தோன்றியது.

"வேண்டாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சைக்கிளைத் திருப்பினார். ஏறி மிதிக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனார். கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். அன்று எனக்குள் இருந்தது துக்கம் என்று இன்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. கடினமான ஒரு கடமையைத் தவறாமல் செய்துவிட்ட திருப்திதான் இருந்தது.

சாயங்காலம் பொது மயானத்தில் அடக்கம். நான் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தங்கம் போனாள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"யாரும் ஒரு வார்த்தை பேசலைங்க. பாடறதுக்கும் ஆள் இல்லை. எல்லார் அடக்கத்துக்கும் பாடினவர் அவர்தானே. மண்ணு விழற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிளாட்பாரத்தில் ஒரு காலை

லில்லி ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். சில மாதங்களில் வீட்டையும் மாற்றிக்கொண்டு சிட்லபாக்கம் போய்விட்டாள். ஒரு நர்சரி பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எப்போதாவது சானடோரியம் ஸ்டேஷனில் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்காமல் லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்துக்கு நடந்துவிடுவாள்.

நான் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்கள் கூடிக்கொண்டுதான் போனார்கள்.

தொண்ணூறுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை. வலி இல்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. அலுவலகத்தில் பதவி உயர்வு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. ரயிலில் வேதத்தைத் திறந்தால் சிவப்பும் நீலமும் பச்சையும்தான் தெரிந்தன. வார்த்தைகள் இருந்தன, அவற்றுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு நாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வண்டி வந்தது. போனது. அடுத்ததும் போனது. அந்த பெஞ்சில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. பக்கத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது? வூட்ல யாராச்சும் கீறாங்களா?"

"இருக்காங்க."

"அப்ப எழுந்துரு. வூட்டுக்குப் போ. ஆபீஸ் எங்கியும் ஓடிடாது."

எழுந்தேன். அவர் கூடையைப் பக்கத்தில் பூ விற்றவளிடம் விட்டுவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி வெளியே பஸ் ஸ்டாப் வரை வந்தார். நான் பஸ்ஸில் ஏறும்வரை போகவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு பல நாள் தேடியும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து வந்த தங்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க," என்றாள். "ஜெயசீலன் அண்ணன் அன்னைக்கு உக்காந்திருந்த மாதிரியே உக்காந்திருக்கீங்க."

அன்றே டாக்டரிடம் அழைத்துப்போனாள். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாதங்கள் பிடித்தன. சபையிலிருந்து பலர் வந்து வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தவும் முடியும். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அப்போதுதான் எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஆறடி மனிதரை முதல்முறையாக நான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

சிட்லபாக்கத்தில்

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லில்லி வீட்டுக்குப் போனேன். ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. எருமைகள் அதில் இறங்கியிருந்தன. ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது வீடு. லில்லி பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த நோட்டுகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"லில்லி, அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"தெரியும்ணா."

"ஐயா சொல்லலை. கமிட்டி சொல்லலை. நான்தான்."

"தெரியும்ணா. எங்க அண்ணன் சொன்னாரு. தங்கம் அக்காவும் சொன்னாங்க."

"தங்கமா?"

"மாசம் ஒரு தடவை வருவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எட்டு வருடம் மாதம் ஒருமுறை என் மனைவி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். தன் அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனது இங்கேதான்.

என் நோயைப் பற்றிச் சொன்னேன். லில்லி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். நான் முடித்ததும் அவள் சொன்னாள்.

"யார் செத்தாலும் பியூலா அவங்க அப்பா மடியில உக்காந்து மணியை எண்ணும். அன்னைக்கு ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருந்துச்சு. 'அப்பாவுக்கு ஏம்மா இன்னும் அடிக்கல'ன்னு கேட்டுச்சு. கயிறு அறுந்துபோச்சும்மான்னு சொன்னேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு வேற யாரோ தவறிட்டாங்க. மணி அடிச்சுது. வெளில விளையாடிட்டு இருந்தவ ஓடி வந்தா. 'அம்மா, கயிறு சரி பண்ணிட்டாங்க. இப்ப அப்பாவுக்கும் அடிக்கச் சொல்லலாம்'னு சொன்னா. அதுக்கப்புறம் அந்த வீட்ல என்னால இருக்க முடியலண்ணா."

தயார் செய்துவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "மன்னிச்சிடும்மா," என்றேன்.

அவள் ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்து அதன் ஓரங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பு உங்களுக்கு வேணும். எனக்குப் புரியுது. எனக்கு வேற ஒண்ணு வேணும்ணா. அன்னைக்குப் படிக்காததை வந்து படிங்க."

சபைக் கூட்டம்

அதற்கு முன் இன்னொன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து, துக்க மணியை யாருக்கும் மறுக்கக் கூடாது, அடக்க ஜெபத்தையும் மறுக்கக் கூடாது என்றேன். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அன்னைக்குக் கூடாதுன்னு சட்டம் சொன்னது நீங்கதானே சார்?"

"ஆமா. நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"அப்ப இப்ப சொல்றது சரின்னு எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாது என்றேன். அந்த ஆலயத்தில் இருபது வருடத்தில் நான் முதல்முறையாகத் தெரியாது என்று சொன்னது அன்றுதான். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் மணியை மட்டும் எல்லோருக்கும் அடிப்பது என்று முடிவானது. மற்றவை அந்தந்த நேரத்துப் போதகரின் மனசுக்கு விடப்பட்டன. நான் கேட்டதில் பாதி. இன்றைக்கும் பாதிதான்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே. வேதம் படியுங்கள் அம்மா. நானும் தினமும் படிக்கிறேன், இப்போது பென்சில் இல்லாமல். ஆனால் யாராவது உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், வசனம் சொல்வதற்கு முன் அவர் காபியைக் குடித்தாரா என்று ஒருமுறை பாருங்கள். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எருக்கஞ்செடி ஓரம்

ஒரு சனிக்கிழமை காலையில் மயானத்துக்குப் போனோம். நான், தங்கம், லில்லி, பியூலா. பியூலாவுக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் உயரம் அப்படியே வந்திருந்தது. கயிறு அறுந்த கதை பொய் என்று அவளுக்குப் பதிமூன்று வயதிலேயே பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வணக்கமும் சொல்லவில்லை.

"வேலி ஓரமா ஒரு பனைமரம் இருந்துச்சு," என்றாள் லில்லி. "அதுலேருந்து பத்தடி."

பனைமரம் இல்லை. வேலி இருந்த இடத்தில் சுவர் எழுப்பியிருந்தார்கள். மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"எத்தினி வருசம் ஆச்சும்மா?"

"எட்டு."

அவர் சுவர்ப் பக்கம் பார்த்தார். "தப்பா நெனைக்காதம்மா. இங்க எடம் கம்மி. அதுமேல நெறைய பேரு வந்துட்டாங்கோ. கரெக்டா இங்கதான்னு என்னால சொல்ல முடியாது. அதோ, அந்த எருக்கஞ்செடிலேருந்து சுவர் வரிக்கும், அதுக்குள்ள எங்கியோ கீறாரு."

லில்லி தலையை ஆட்டினாள். தங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சபைக் கல்லறையாக இருந்திருந்தால் ஒரு கல் இருந்திருக்கும். அதில் பெயர் இருந்திருக்கும். அதை ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தேன். எங்கே பார்த்து நிற்பது என்று தெரியவில்லை. அடக்கத்தில் வாசிக்கிறவன் குழியைப் பார்த்து நிற்பான். இங்கே குழி இல்லை, மேடும் இல்லை. காய்ந்த செவ்வந்திப் பூக்களும், உடைந்த சட்டி ஓடுகளும், யார் யாருடையவோ மண்ணும் கிடந்தன.

"எந்தப் பக்கமா நின்னு படிக்கட்டும் லில்லி?"

"எப்படி நின்னாலும் பரவாயில்லைண்ணா. இந்த மண்ணுல யாரோ ஒருத்தர் வீட்டு ஆளுங்கதானே இருக்காங்க. எல்லாருக்குமா சேத்துப் படிங்க."

வாசிக்க ஆரம்பித்தேன். நூற்றுக்கணக்கான அடக்கங்களில் கேட்ட வார்த்தைகள். பாதியைப் பார்க்காமலே சொல்வேன். அன்று ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்தேன். மயானத்துக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். தாம்பரம் பக்கம் ஒரு மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. புத்தகத்தில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் போட்டிருக்கும், வாசிக்கிறவன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன்.

எனக்குப் பின்னாலிருந்து பியூலா சொன்னாள்.

"ஜெயசீலன்."

தெளிவாக, சுவர் வரை கேட்கும்படி சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீதியை வாசித்து முடித்தேன்.